செட்டிநாட்டுப் பழைய வீட்டில் இரண்டு இரவு: முதல்முறை தங்கப் போகிறவர்களுக்கு

மதுரைக்காரர்களுக்குக் காரைக்குடிப் பக்கம் என்றால் பெரும்பாலும் பிள்ளையார்பட்டிதான். காலையில் கிளம்பி, கற்பக விநாயகரைக் கும்பிட்டு, குன்றக்குடி ஏறி இறங்கி, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவோம். நானும் பல வருஷம் அப்படித்தான் போய் வந்தேன். அம்மாவுக்கு எழுபது வயது நிறைந்தபோதுதான், கோயில் முடித்து உடனே திரும்பாமல் அங்கேயே ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் தங்கலாம் என்று போனோம். வளவில், அதாவது நடுவே திறந்த முற்றமும் சுற்றிலும் தூண்களுமாக இருக்கும் கூடத்தில், ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்த அம்மா, மதியம் முழுக்க எழுந்திருக்கவே இல்லை. அதற்கப்புறம் நாலைந்து முறை போய்விட்டேன். எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன கேட்டு வைப்பது என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில், இது என்ன மாதிரி வீடு

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் 75-க்கு மேற்படாத ஊர்களில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கட்டிய வீடுகள் இவை. 19-ம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி 1940-கள் வரை, பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து சம்பாதித்த பணம் இங்கே தேக்கும் கல்லுமாக வந்து இறங்கியது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்த வரவு நின்றது. குடும்பங்கள் சென்னைக்கும் மதுரைக்கும் வெளிநாட்டுக்கும் நகர்ந்தன. வீடு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஒரு வீட்டைத் தாத்தா கட்டினார் என்றால் இன்றைக்கு அதில் இருபது, முப்பது பங்காளிகளுக்குப் பங்கு இருக்கும். ஓடு மாற்ற வேண்டும் என்றாலும் எல்லாரும் சேர்ந்து சம்மதிக்க வேண்டும். அது முடியாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனையோ. தூண் தூணாகப் பிரித்து விற்கப்பட்டவை அதைவிட வேதனை. விடுதியாக மாறியவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதில் நாம் கொடுக்கும் அறை வாடகை ஓட்டுக்கும் சுண்ணாம்புக்கும் போகிறது, ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேருக்குச் சம்பளமாகவும் போகிறது. அதனால்தான் அங்கே போய்த் தங்குங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். இந்த ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன. பட்டியலில் பெயர் இருந்தாலும், ஆள் புழங்காத கூரை ஒழுகத்தான் செய்யும்.

வீட்டைத் தேர்ந்தெடுப்பது

காரைக்குடி நகருக்குள் தங்குவதா, கிராமத்தில் தங்குவதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். காரைக்குடியில் ‘பங்களா’ இருக்கிறது. அது சாப்பாட்டுக்கே பேர் போனது. கடை, பஸ், மருத்துவர் எல்லாம் கைக்கெட்டும் தூரம் என்பதால் குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்கு நகரம் வசதி. கிராமம் வேண்டுமென்றால் கானாடுகாத்தானில் ‘விசாலம்’, ‘செட்டிநாடு மேன்ஷன்’, கடியாபட்டியில் ‘சிதம்பர விலாஸ்’, கொத்தமங்கலத்தில் ‘சாரதா விலாஸ்’ இருக்கின்றன. விசாலம், ஒரு அப்பா தன் மகளுக்காகக் கட்டிய வீடு. சாரதா விலாஸை இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் பொறுமையாகப் புதுப்பித்தார்கள். என்னைக் கேட்டால் முதல்முறை கிராமம்தான். சாயங்காலம் ஆளில்லாத அந்த அகலத் தெருக்களில் நடக்கும் சுகம் நகரத்தில் கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை. ‘பாரம்பரிய விடுதி’ என்று பலகை வைத்த எல்லாமே பழைய வீடு அல்ல. எங்கோ பிரித்த வீட்டின் நாலு தூண்களை வாங்கி, புது கான்கிரீட் கட்டடத்தின் வாசலில் நிறுத்தியிருப்பார்கள். போனில் மூன்று கேள்வி கேட்டால் தெரிந்துவிடும்: வீட்டை எந்தக் காலத்தில் கட்டினார்கள், வளவு இருக்கிறதா, அறை பழைய வீட்டுக்குள்ளேயே இருக்கிறதா, பின்னால் புதிதாகக் கட்டிய பகுதியில் இருக்கிறதா. உண்மையான வீட்டுக்காரர்கள் இதற்கெல்லாம் ஆசையாகப் பதில் சொல்வார்கள்.

மதுரையை விட்டு அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு மதுரையிலேயே இரண்டு இடம் உண்டு. பசுமலை மேல் மில் துரைமார் காலத்துப் பங்களா ஒன்று இப்போது ஓட்டலாக இருக்கிறது. கோச்சடையில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970-களில் மதுரை கிளப்புக்காக வடிவமைத்த கட்டடமும் அப்படித்தான். இரண்டும் அழகு. ஆனால் அவை வேறு கதை, செட்டிநாட்டு வீட்டுக்கு ஈடாக நினைத்துப் போகாதீர்கள்.

எப்போது போவது

மார்கழி, தை, மாசி நல்ல மாதங்கள். சித்திரை, வைகாசியில் வெயில் கொளுத்தும். வீட்டுக்குள் குளுமைதான், ஆனால் பத்து மணிக்கு மேல் தெருவில் கால் வைக்க முடியாது. அந்த மாதங்களில் வாடகை குறையும் என்பதால் வீட்டை விட்டு அசையவே மாட்டோம் என்பவர்களுக்கு அது லாபம்.

எனக்குப் பிடித்தது ஐப்பசி, கார்த்திகை மழை. நாலு பக்க ஓட்டுக் கூரையும் சரிந்து வளவின் திறந்த முற்றத்தைப் பார்த்தபடி இறங்கும். மழை வலுத்தால் நாலு மூலையிலும் தண்ணீர் கயிறு திரித்த மாதிரி விழும். அந்தக் காலத்தில் மூலைக்கொரு அண்டா வைத்துப் பிடிப்பார்களாம். நாங்கள் போன வீட்டிலும் ஒரு பித்தளை அண்டாவைத் தூக்கி வந்து வைத்தார்கள். முதலில் வெறும் பாத்திரத்தில் விழும் சத்தம், அது நிறைய நிறைய மாறிக்கொண்டே வந்து, கடைசியில் விளிம்பு தாண்டிக் கல்லில் வழியும் சத்தம். அந்த ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. மழையில் போவதானால் கூடுதல் துண்டும் கொசுவத்தியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தை, வைகாசி முகூர்த்த நாள்களில் பல வீடுகள் கல்யாணக் குடும்பங்களுக்கே மொத்தமாகப் போய்விடும். தைப் பொங்கல் முடிந்து வரும் செவ்வாய்க்கிழமை நாட்டரசன்கோட்டைக் கண்ணுடைய நாயகி கோயிலில் நகரத்தார் வைக்கும் செவ்வாய்ப் பொங்கலுக்கு உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. அந்த வாரம் அறை வேண்டுமானால் பல மாதம் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

பதிவு செய்யும்போது கேட்க வேண்டியவை

இணையத்தில் பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை போன் செய்து பேசிவிடுங்கள். இந்த வீடுகளில் எந்த இரண்டு அறையும் ஒரே மாதிரி இருக்காது. ஒவ்வொரு மகனுக்கும் கல்யாணமானதும் வளவைச் சுற்றி ஒரு அறை கொடுப்பார்கள். அது படுக்கவும் சீர் சாமான் பூட்டி வைக்கவும்தான், பகலெல்லாம் புழக்கம் வளவில்தான். அதனால் கீழ் அறைகள் சிறியவை, இருட்டானவை, ஆனால் குளுமை. மாடி அறைகளில் ஜன்னல் பெரிது, வெளிச்சம் நிறைய. ஆனால் மரப் படிக்கட்டு செங்குத்து, குறுகல். பெரும்பாலான இடத்தில் லிஃப்ட் கிடையாது. முட்டி வலி உள்ளவர்கள் வருகிறார்கள் என்றால் ‘கீழ் அறைதான் வேண்டும், குளியலறைக்குப் படி இருக்கக் கூடாது’ என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், நீங்கள் தங்கும் தேதியில் வீட்டில் ஏதாவது விசேஷமோ படப்பிடிப்போ இருக்கிறதா என்று கேளுங்கள். ஒருமுறை நாங்கள் தங்கிய இடத்தில் கல்யாண ஜோடிக்குப் புகைப்படம் எடுக்க வளவையே விளக்கும் குடையுமாக ராத்திரி பத்து மணி வரை பிடித்துக்கொண்டார்கள். எங்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. அன்றைக்கு அம்மா அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டுக்கு வந்ததே வளவில் உட்காரத்தானே என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.

வாடகை சாதாரண லாட்ஜ் மாதிரி இருக்காது, ஓர் இரவுக்குப் பல ஆயிரம் ஆகும். வரி தனியா, காலை உணவு சேர்த்தா, மதியச் சாப்பாடு ஒரு ஆளுக்கு எவ்வளவு, டிரைவருக்குத் தங்க இடம் உண்டா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வசதிப்பட்டால் இரண்டு இரவு போடுங்கள். ஒரு இரவு என்றால் வந்து இறங்குவதிலும் மூட்டை கட்டுவதிலுமே போய்விடும்.

போவது

மாட்டுத்தாவணியிலிருந்து காரைக்குடிக்கு மேலூர், திருப்பத்தூர் வழியாக பஸ்கள் அடிக்கடி உண்டு. தூரம் 90 கிலோமீட்டருக்குள், இரண்டு மணி நேரத்தை ஒட்டி ஆகும். கானாடுகாத்தானுக்குக் காரைக்குடியில் இறங்கி, திருமயம் போகும் சாலையில் இன்னும் கொஞ்ச தூரம். ‘செட்டிநாடு’ என்ற பெயரிலேயே அங்கே ஒரு ரயில் நிலையமும் இருக்கிறது. சென்னையிலிருந்து வரும் உறவினர்கள் பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் நேராகக் காரைக்குடி. கிராமத்தில் தங்குபவர்கள் காரோடு போவது நல்லது, இல்லையென்றால் விடுதியிடமே ஆட்டோ சொல்லச் சொல்லுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேருகிறீர்கள் என்றால் முதல்நாளே சொல்லியாக வேண்டும். ஓட்டல் மாதிரி எந்நேரமும் அடுப்பு எரியாது. எத்தனை பேர், சைவமா அசைவமா என்று கேட்டுத்தான் காலையில் காய் நறுக்கவே தொடங்குவார்கள்.

வாசல் தாண்டியதும்

தெருவிலிருந்து படியேறினால் திண்ணையும் முகப்பும். வீட்டு ஆண்கள் கணக்குப் பார்த்ததும் வந்தவர்களோடு பேசியதும் அங்கேதான். அதைத் தாண்டி நிலைக்கதவு. அங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். மேலே கஜலட்சுமியும் கொடியும் கிளியுமாகச் செதுக்கியிருப்பார்கள். நேராகப் பார்த்தால் கதவுக்குப் பின் கதவு, முற்றத்துக்குப் பின் முற்றம் என்று பின்வாசல் வரை ஒரே கோட்டில் தெரியும். சில வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும்.

உள்ளே போகும்போது குனிந்து, காலைத் தூக்கி வையுங்கள். நிலை தாழ்வு, படி உயரம். ராத்திரி குளியலறைக்கு எழுந்து போகிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள். தலைமாட்டில் டார்ச் வைத்துக்கொள்வது நல்லது.

நிலைக்கதவுக்கு அடுத்தது வளவு. கல்யாணமும் படையலும் நடக்கும் இடம். அடுத்த கட்டு சாப்பாட்டுக்கு, அதற்கும் பின்னால் அடுப்படியும் கிணறும், பெண்கள் வடகம் காயப்போட்ட முற்றமும். கல்யாணமான மகனைத் தனியாகச் சமைக்க வைத்து ‘வேறு வைப்பது’ நகரத்தார் வழக்கம். கூரை ஒன்று, அடுப்பு பல. பின்கட்டில் வரிசையாகச் சின்னச் சின்ன அடுப்படிகளைப் பார்த்தால் காரணம் அதுதான்.

சுவரைத் தொட்டுப் பாருங்கள். சுண்ணாம்போடு கடுக்காய்ச் சாறும் வெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்தது. பளிங்கு மாதிரி சில்லென்று இருக்கும். தொட்டுப் பார்க்கலாம், எண்ணெய் வைத்த தலையோடு சாயக் கூடாது. அந்தக் கறை சுண்ணாம்புக்குள் இறங்கிவிட்டால் போகவே போகாது. பெட்டியைத் தரையில் உருட்டாமல் தூக்கிக்கொண்டு போங்கள், சக்கரத்தில் ஒட்டிய மணல் ஆத்தங்குடிக் கல்லை, அதாவது ஆத்தங்குடி ஊரில் கையால் செய்யும் பூப்போட்ட தரைக்கல்லைக் கீறிவிடும். செருப்பை முகப்பிலேயே விட்டுவிடுங்கள். அந்தத் தரை வெறுங்காலுக்கென்றே செய்தது, கால் பட்டுப் பட்டுத்தான் அதற்கு மினுமினுப்பே ஏறும்.

சாப்பாடு

செட்டிநாட்டுச் சமையல் என்றாலே காரம் என்று வெளியூர்க் கடைகள் பழக்கிவிட்டன. வீட்டுச் சமையல் அப்படியில்லை. மிளகும் சோம்பும் கல்பாசியும் மணக்கும், நாக்கு எரியாது. முதல் நாளே சமையற்காரரிடம் போய், ‘அண்ணே, நாளைக்கு என்ன செய்யப் போறீங்க?’ என்று கேளுங்கள். அவர் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். அசைவம் சாப்பிடுபவர்கள் உப்புக்கறி கேளுங்கள். சைவத்தில் வெண்டைக்காய் மண்டி. அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்துச் செய்வது, குழம்பும் இல்லாமல் பொரியலும் இல்லாமல் ஒரு பதம். காலையில் வெள்ளைப் பணியாரம், மாலையில் கந்தரப்பம். கவுணி அரிசி இனிப்பைத் தவறவிடாதீர்கள். கருஞ்சிவப்பில் தேங்காய்ப்பூ தூவி வரும், பர்மாத் தொடர்பில் இந்த ஊருக்கு வந்த அரிசி.

இலையில் முதல் சுற்றிலேயே நிறைய வாங்கிவிடாதீர்கள், வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் ருசி பார்க்க ஆசைப்பட்டால் காலைச் சாப்பாட்டைப் பாதியாகக் குறையுங்கள்.

நடுநாள்

இரண்டாம் நாளை நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயிலுக்கும் ஓடித் தீர்த்துவிடாதீர்கள். காலை ஏழுக்குக் கிளம்பித் திருமயம் போய்வரலாம். மலையைக் குடைந்த சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலும் சிவன் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. சேதுபதிகள் காலத்துக் கோட்டை மேல் வெயிலுக்கு முன் ஏறி இறங்கிவிட வேண்டும். கானாடுகாத்தான் அரண்மனை இன்றும் ஒரு குடும்பத்தின் வீடு, வெளியில் நின்று பார்ப்பதோடு சரி. உள்ளே பார்க்கக் கட்டணம் வாங்கி அனுமதிக்கும் வீடுகள் ஆத்தங்குடியிலும் கானாடுகாத்தானிலும் உண்டு. பூட்டிய வீட்டின் திண்ணையில் ஏறிப் படம் எடுப்பதற்கு முன், பக்கத்தில் யாராவது ஆச்சி உட்கார்ந்திருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பல நேரம் சாவியோடு எழுந்து வந்துவிடுவார்கள்.

ஆத்தங்குடியில் கல் செய்யும் பட்டறைக்குக் கண்டிப்பாகப் போங்கள். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. அச்சின் ஒவ்வொரு கண்ணிலும் கல் செய்பவர் ஒரு வண்ணச் சிமெண்ட் குழம்பைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார். மஞ்சள், பச்சை, செங்காவி. அச்சை ஒரே தூக்காகத் தூக்குகிறார். வண்ணங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன, கலக்கவில்லை. உடனே மேலே காய்ந்த மணல் சிமெண்டைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை அப்பிச் சமன் செய்கிறார். எல்லாம் இரண்டு நிமிஷத்துக்குள். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறி, காய்ந்து, கண்ணாடி தானாகக் கழன்று வரும்போது பூ முகம் காட்டும். கண்ணாடியின் வழவழப்புதான் கல்லுக்கு வருகிறது. பார்க்கப் பணம் கேட்க மாட்டார்கள், ஆனால் வேலை நேரத்தில் கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வருவது மரியாதை.

பன்னிரண்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். மதியத்தை வளவுக்கென்றே ஒதுக்குங்கள். முற்றத்து வெயில் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நகர்வதை வேறெந்த ஊரில் உட்கார்ந்து பார்ப்பீர்கள்? குழந்தைகளுக்குப் பல்லாங்குழி கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

வாங்குவதும் வாங்கக் கூடாததும்

கண்டாங்கிச் சேலை வாங்குங்கள். அகலக் கரை, கட்டம் போட்ட பருத்தி, 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. பனை ஓலைக் கொட்டான் வாங்குங்கள், அது ஊர்ப் பெண்கள் கையால் முடைவது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும். எனாமல் தூக்குவாளியும் ஊறுகாய் ஜாடியும் வாங்குவதில் தப்பில்லை. தூண், நிலை, கதவு இவற்றை மட்டும் வாங்காதீர்கள். அவை ஒவ்வொன்றும் எங்கோ ஒரு வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்தவை. வாங்க ஆள் இருக்கும்வரை அடுத்த வீட்டுக்கும் கடப்பாரை போகும். புது வீட்டுக்கு அழகு வேண்டுமென்றால் ஆத்தங்குடிக் கல்லைச் சொல்லிச் செய்யுங்கள். அறையின் அளவை எடுத்துக்கொண்டு போனால் அங்கேயே கணக்குப் போட்டுச் சொல்வார்கள், லாரியில் மதுரைக்கு அனுப்பியும் வைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மதுரை பஸ்ஸில் நிற்கவும் இடமிருக்காது. மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மூன்று மணிக்குள் கிளம்பினால் உட்கார்ந்து வரலாம். கிளம்பும்போது துடைத்தவர், பரிமாறியவர், காவல் இருந்தவர் எல்லாருக்கும் பிரித்துப் போகும்படி பணத்தைப் பொதுவாகக் கொடுத்துவிடுங்கள். சமையற்காரரிடம் காலையிலேயே சொல்லி வைத்தால் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் பொட்டலம் கட்டித் தருவார். மாவுருண்டையைப் பைக்குள் மேலாக வையுங்கள், இல்லையென்றால் மேலூர் வருவதற்குள் நொறுங்கிவிடும்.